பாட்டு யாருடையது? வக்கீல் யாருடையவர்?

வீடு வாங்கினால் பத்திரம் பார்க்கிறோம். வில்லங்கம் பார்க்கிறோம். விஷயம் தெரிந்த நாலு பேரிடம் விசாரிக்கிறோம். அதன் பிறகே முன்பணம் கொடுக்கிறோம்.

பாட்டும் ஒரு சொத்துதான். நல்ல பாட்டு ஒன்று, அதை எழுதியவர் மறைந்த பிறகும் பணம் கொண்டுவரும். பேரப்பிள்ளைகள் வரை சோறு போடும்.

ஆனால் அந்தச் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், 20 வயதுப் பிள்ளைகள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பக்கத்தில் ஒரு வக்கீல் இருக்கிறார். "வக்கீலே இருக்கிறாரே, நமக்கென்ன பயம்?" என்று நினைக்கிறார்கள்.

அந்த வக்கீல் யாருடைய வக்கீல்? பிள்ளைகளுடைய வக்கீலா? ரிக்கார்டு கம்பெனியின் வக்கீலா? மானேஜரின் வக்கீலா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காததால் ஆயுள் முழுவதும் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் உண்டு. அவர்களில் பலர் இங்கிலாந்து நாட்டு வாத்தியக் குழுக்களைச் சேர்ந்தவர்கள். உலகம் முழுவதும் புகழ் பெற்றவர்கள். அவர்களுடைய கதையைத் தெரிந்துகொள்வது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் நல்லது.

ஒரு பாட்டில் எத்தனை சொத்து?

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து அல்ல.

பாட்டின் சொற்களை எழுதியவருக்கு ஓர் உரிமை. மெட்டுப் போட்டவருக்கு ஓர் உரிமை. இவற்றைப் பதிப்புரிமை என்கிறோம். 'காப்பிரைட்' என்று சொல்வதும் இதைத்தான்.

அந்தப் பாட்டைப் பாடி, வாசித்து, ஒலிப்பதிவு செய்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை. அது பெரும்பாலும் ரிக்கார்டு கம்பெனியிடம் இருக்கும். அந்தப் பதிவில் பாடியவருக்கும் வாசித்தவருக்கும் இன்னோர் உரிமை.

மனை ஒருவருக்கு, அதன் மேல் கட்டிய வீடு இன்னொருவருக்கு என்பது போலத்தான் இது.

வாத்தியக் குழுவில் சண்டை வருவது இந்த இடத்தில்தான். மேடையில் நாலு பேரும் ஒன்றாக நிற்கிறார்கள். நாலு பேருக்கும் ஒரே கைதட்டல். ஆனால் பாட்டை எழுதியவருக்கு மட்டும் ஆண்டுதோறும் ராயல்டி வருகிறது. டிரம் அடித்தவருக்கு அதில் ஒன்றும் வருவதில்லை. முதல் நாளே இதை அவருக்கு எடுத்துச் சொன்னவர் யாரும் இல்லை!

சொந்தப் பாட்டு கைமாறிய கதை

பீட்டில்ஸ் குழுவைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. லிவர்பூல் நகரத்துப் பிள்ளைகள் நாலு பேர். அவர்களில் ஜான் லெனனும் பால் மெக்கார்ட்னியும்தான் பெரும்பாலான பாட்டுகளை எழுதினார்கள்.

1963-ம் ஆண்டில் அவர்களுடைய பாட்டுகளுக்காக 'நார்தர்ன் சாங்ஸ்' என்ற கம்பெனி தொடங்கப்பட்டது. அதில் பாட்டு எழுதிய இருவருக்கும் ஆளுக்கு 20 சதவீதப் பங்கு. மானேஜரின் கம்பெனிக்கு 10 சதவீதம். மீதி 50 சதவீதம் பாட்டுப் பதிப்பாளர் தரப்புக்குப் போயிற்று.

அப்போது மெக்கார்ட்னிக்கு 20 வயது. லெனனுக்கு 22.

1969-ம் ஆண்டில் பதிப்பாளர் தம் பங்குகளை ஏ.டி.வி. என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டார். பாட்டு எழுதிய இருவரும் கம்பெனியைத் தங்கள் கைக்குக் கொண்டுவர எவ்வளவோ முயன்றார்கள். முடியவில்லை. 1985-ம் ஆண்டில் அமெரிக்கப் பாடகர் மைக்கேல் ஜாக்சன், அந்தப் பாட்டுகளையும் சேர்த்து ஏ.டி.வி.யின் பாட்டுச் சொத்தை 4 கோடியே 75 லட்சம் டாலருக்கு வாங்கினார்.

இங்கே யாரும் திருடவில்லை. எல்லாம் கையெழுத்துப்படியே நடந்தது. கையெழுத்துப் போட்ட அன்று, அது எவ்வளவு பெரிய சொத்து என்று அந்த இளைஞர்களுக்குத் தெரியாது. அதனால்தான் தன் கட்சிக்காரரின் நன்மை ஒன்றையே பார்க்கும் வக்கீல் ஒருவர், அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறோம்.

38 ஆண்டு கழித்து வந்த வழக்கு

1967-ம் ஆண்டில் 'புரோகோல் ஹாரம்' என்ற குழு 'எ ஒயிட்டர் ஷேட் ஆப் பேல்' என்ற பாட்டை வெளியிட்டது. உலகம் முழுவதும் பிரமாதமாக ஓடியது.

சொற்கள் கீத் ரீட். இசை கேரி புரூக்கர். இப்படித்தான் பெயர் போட்டார்கள்.

ஆனால் அந்தப் பாட்டைக் கேட்டவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆர்கன் வாத்தியத்தின் நாதம். அதை வாசித்தவர் மேத்யூ பிஷர். அப்போது அவருக்கு வயது 21. மெட்டு உருவான பிறகு குழுவில் சேர்ந்தவர். ஆர்கனுக்கு உரிய பகுதியை அவரே அமைத்தார். பாட்டில் அவர் பெயர் இல்லை. பங்கும் இல்லை.

2005-ம் ஆண்டில் பிஷர் வழக்குப் போட்டார். 2006-ம் ஆண்டில் லண்டன் ஐகோர்ட்டு, இசை உரிமையில் அவருக்கு 40 சதவீதம் என்று தீர்ப்புச் சொன்னது. 2008-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டு, "இசையில் இவருக்குப் பங்கு உண்டு; ஆனால் இவ்வளவு தாமதமாக வந்தவருக்குப் பணம் இல்லை" என்ற கருத்தில் தீர்ப்பை மாற்றியது. 2009-ம் ஆண்டு ஜூலையில் பிரபுக்கள் சபை அதையும் மாற்றி, பிஷர் பக்கமே தீர்ப்பளித்தது.

வென்றார். ஆனால் வழக்குப் போட்ட நாளில் இருந்துதான் பணம். அதற்கு முந்திய 38 ஆண்டு வருமானம் போனது போனதுதான்!

1967-ல் ஒரு வக்கீல், "இந்தப் பாட்டில் யார் யார் என்னென்ன செய்தீர்கள்? எழுதுங்கள்" என்று ஒரு தாளை நீட்டியிருந்தால் போதும். மூன்று கோர்ட்டுகளுக்கும் வேலை இருந்திருக்காது.

40, 40, 10, 10

இன்னொரு குழு 'ஸ்மித்ஸ்'. மான்செஸ்டர் நகரத்தில் 1982-ம் ஆண்டில் தொடங்கியது. 1987-ம் ஆண்டில் கலைந்தது.

பாட்டு எழுதியவர்கள் மாரிசி, ஜானி மார் என்ற இருவர். ரிக்கார்டு கம்பெனியுடன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்களும் அந்த இருவரே. டிரம் அடித்த மைக் ஜாய்சும், பாஸ் கித்தார் வாசித்த ஆண்டி ரூர்க்கும் கையெழுத்துப் போடவில்லை.

பாட்டு எழுதிய உரிமையில் சண்டை இல்லை. ரிக்கார்டு வருமானத்திலும் கச்சேரி வருமானத்திலும்தான் சண்டை. அந்த இருவருக்கும் ஆளுக்கு 40 சதவீதம். மற்ற இருவருக்கும் ஆளுக்கு 10 சதவீதம். இப்படிப் பங்கு பிரிக்கப்பட்டது. இதற்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை.

1989-ம் ஆண்டில் வழக்கு கிளம்பியது. ரூர்க் 83,000 பவுண்டு ரொக்கத்துக்கும் 10 சதவீதப் பங்குக்கும் ஒப்புக்கொண்டு விலகினார். ஜாய்ஸ் விடவில்லை. 1996-ம் ஆண்டில் கோர்ட்டு அவருக்குச் சமபங்கு, அதாவது 25 சதவீதம் என்று சொன்னது. 1998-ம் ஆண்டில் அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது.

காரணம் என்ன? இங்கிலாந்தில் 1890-ம் ஆண்டின் கூட்டு வியாபாரச் சட்டம் ஒன்று உண்டு. "கூட்டாளிகள் வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் எல்லோருக்கும் சமபங்கு" என்பது அதன் விதி. வேறுவிதமாகப் பேசிக்கொண்டதாக நிரூபிக்க முடியவில்லை. எனவே சமபங்கு.

ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடிய நாலு பேர் கோர்ட்டில் எதிர் எதிராக நின்றார்கள்.

வாய்ச்சொல் நிற்கவில்லை

'ஸ்பாண்டோ பாலே' குழுவின் கதை இதற்கு நேர்மாறு.

அந்தக் குழுவின் பாட்டுகளை எழுதியவர் கேரி கெம்ப். தமக்கு வந்த பாட்டு ராயல்டியில் ஒரு பகுதியைச் சில ஆண்டுகள் குழுவின் கம்பெனிக்குக் கொடுத்து வந்தார். பிறகு நிறுத்திக்கொண்டார்.

பாடகர் டோனி ஹாட்லி, ஸ்டீவ் நார்மன், ஜான் கீபிள் ஆகிய மூவரும் வழக்குப் போட்டார்கள். "பங்கு தருவதாக வாய்மொழி ஒப்பந்தம் இருந்தது, பாட்டுகளின் உருவாக்கத்திலும் எங்களுக்குப் பங்கு உண்டு" என்பது அவர்கள் கட்சி.

1999-ம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. மூவரும் தோற்றார்கள். ஒப்பந்தம் இருந்ததாக நீதிபதி ஏற்கவில்லை. நன்றாகப் பாடுவதும் வாசிப்பதும் வேறு. பாட்டை இயற்றுவது வேறு என்று கூறிவிட்டார்.

ஸ்மித்ஸ் குழுவிலும் எழுத்து இல்லை. இங்கும் எழுத்து இல்லை. அங்கே கேட்டவர் ஜெயித்தார். இங்கே கேட்டவர்கள் தோற்றார்கள். எழுதி வைக்காத பங்கு சீட்டுக் குலுக்குவது போல. யாருக்கு எது விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

தனி வக்கீல் இல்லாத கையெழுத்து

ஒப்பந்தம் எழுதினால் மட்டும் போதுமா? போதாது.

1966-ம் ஆண்டில் டோனி மெக்காலே என்ற இளம் பாட்டுக்காரர், ஒரு பதிப்பாளருடன் ஒப்பந்தம் செய்தார். 5 ஆண்டுக்கு அவர் எழுதும் பாட்டெல்லாம் பதிப்பாளருக்கே. ராயல்டி 5,000 பவுண்டைத் தாண்டினால் ஒப்பந்தம் தானாகவே 10 ஆண்டாக நீளும். அவருக்குக் கிடைத்த முன்பணம் 50 பவுண்டு. அதுவும் ராயல்டியில் கழிக்கப்படும். பதிப்பாளரோ ஒரு பாட்டைக்கூட வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை!

1974-ம் ஆண்டில் பிரபுக்கள் சபை, இந்த ஒப்பந்தம் செல்லாது என்றது.

கில்பர்ட் ஒசல்லிவன் என்ற பாடகர், தம் மானேஜரைப் பூரணமாக நம்பினார். மானேஜரின் கம்பெனிகளோடு பல ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட்டார். தமக்கென்று தனி வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் சொல்லவும் இல்லை. 1982-ம் ஆண்டில் கோர்ட்டு அந்த ஒப்பந்தங்களை ரத்து செய்தது. பாட்டு உரிமைகள் அவருக்கே திரும்பின. ஆனாலும் மானேஜர் உழைத்த உழைப்புக்கு நியாயமான கூலி உண்டு என்று அப்பீலில் சொன்னார்கள்.

நம்பிக்கை உள்ள இடத்தில்தான் தனி வக்கீல் அதிகம் வேண்டும். இதுதான் அந்தத் தீர்ப்பின் பாடம். எதிரியிடம் நாமே உஷாராக இருப்போம். அண்ணன் மாதிரி பழகுகிறவரிடம் உஷாராக இருக்க மாட்டோம்.

ஒரு வக்கீல், நாலு கட்சி

இப்போது வக்கீலின் விஷயத்துக்கு வருவோம்.

நாலு பேர் கொண்ட குழு ஒரு வக்கீலிடம் போகிறது. ரிக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல வேண்டும். இதில் நாலு பேருக்கும் ஒரே நன்மை. ஒரே வக்கீல் பார்க்கலாம். தவறு இல்லை. கையில் காசு இல்லாத பிள்ளைகள் நாலு வக்கீல் வைக்க முடியுமா?

ஆனால், "எங்களுக்குள் பங்கு எப்படி?" என்று கேட்ட நிமிஷத்தில் நிலைமை மாறிவிடுகிறது. பாட்டு எழுதியவருக்கு அதிகம் என்றால் மற்றவர்களுக்குக் குறைவு. ஒருவருக்கு நன்மை சொன்னால் இன்னொருவருக்குத் தீமை. அப்போது அந்த வக்கீல் யார் பக்கம் பேசுவார்?

அந்த இடத்தில் நல்ல வக்கீல் என்ன செய்வார்? "இந்த விஷயத்தில் உங்கள் நலன்கள் மோதுகின்றன. நான் குழுவுக்கு வக்கீல். உங்களில் ஒருவருக்கு மட்டும் யோசனை சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு வந்து கையெழுத்துப் போடுங்கள்" என்பார். இதனால் அவருக்குக் கிடைக்கும் பீஸ் குறையலாம். ஆனால் பெயர் நிலைக்கும்.

மானேஜர் அழைத்து வந்த வக்கீல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பீஸை மானேஜர் கொடுக்கலாம். ஆனால் மானேஜரோடு செய்யும் ஒப்பந்தத்துக்கே அவரை வக்கீலாக வைத்துக்கொண்டால்? பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்!

அமெரிக்காவில் 1992-ம் ஆண்டில் பாடகர் பில்லி ஜோயல், தம் பழைய வக்கீல் நிறுவனத்தின் மீதே 9 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தமக்கு எதிரான நலன் உள்ளவர்களுக்கும் அதே நிறுவனம் வேலை செய்தது என்பது அவருடைய புகார். அந்த நிறுவனம் அதை மறுத்தது. 1993-ம் ஆண்டில் சமரசம் ஆயிற்று. யார் பக்கம் நியாயம் என்று கோர்ட்டு முடிவு சொல்லவில்லை. ஆனால் இசை உலகத்தில் ஒரே வக்கீல் பல பக்கமும் நிற்கலாமா என்ற கேள்வி அன்று உலகமெல்லாம் கேட்டது.

நம் நாட்டில் என்ன சட்டம்?

"இது வெள்ளைக்காரர் கதை. நமக்கு எதற்கு?" என்று தோன்றலாம். நம்முடைய பதிப்புரிமைச் சட்டமும் கூட்டு வியாபாரச் சட்டமும் இங்கிலாந்துச் சட்டத்தின் வழியில் வந்தவைதான்.

1932-ம் ஆண்டின் இந்தியக் கூட்டு வியாபாரச் சட்டமும் அதையே சொல்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் லாபத்தில் எல்லோருக்கும் சமபங்கு. கல்யாணக் கச்சேரிக்குப் போகும் மெல்லிசைக் குழுவுக்கும் இது பொருந்தலாம்.

1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதியவர் வாழ்நாள் முழுவதும் உரிமை உண்டு. அவர் இறந்த பிறகு இன்னும் 60 ஆண்டு உண்டு. உரிமையை எழுதிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாக, கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றே கணக்கு. எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டுமே.

சினிமாப் பாட்டுக்கு ஒரு காலத்தில் இந்தப் பாதுகாப்பு குறைவு. காசு கொடுத்து எழுதச் சொன்ன தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்று 1977-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. 2012-ம் ஆண்டில் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது, படம் தியேட்டரில் ஓடுவது தவிர மற்ற வழிகளில் பாட்டு பயன்பட்டால், பாட்டு எழுதியவருக்கும் இசை அமைத்தவருக்கும் ராயல்டியில் சமபங்கு உண்டு. "அந்தப் பங்கு எனக்கு வேண்டாம்" என்று எழுதி வாங்கினாலும் செல்லாது. வாரிசுகளுக்கோ, உரிமை வசூலிக்கும் சங்கத்துக்கோதான் அதை மாற்றிக் கொடுக்கலாம்.

வக்கீல்களுக்கும் விதி இருக்கிறது. இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகளைப் பாருங்கள்.

எதிர்த்தரப்போடு தமக்குத் தொடர்பு இருந்தால், அதை வக்கீல் முதலிலேயே கட்சிக்காரரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்ல வேண்டும். கட்சிக்காரரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ தவிர வேறு யார் சொல்படியும் நடக்கக் கூடாது. ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு வேலை செய்தவர், அதிலேயே எதிர்த்தரப்புக்கு ஆஜராகக் கூடாது. வழக்கில் கிடைப்பதில் பங்கு என்று பீஸ் பேசக் கூடாது.

விதிகள் நன்றாகவே இருக்கின்றன. கட்சிக்காரருக்குத் தெரியாவிட்டால் விதியால் என்ன பயன்?

நாம் செய்ய வேண்டியது

உங்கள் பிள்ளையோ, தம்பியோ பாட்டுக் குழுவில் இருக்கலாம். கானா பாடலாம். பறை அடிக்கலாம். கீபோர்டு வாசிக்கலாம். இன்று செல்போனில் பதிவு செய்த பாட்டு ஒரே இரவில் ஊரெல்லாம் பரவிவிடுகிறது. அடுத்த நாளே ஒருவர் ஒப்பந்தத் தாளோடு வந்து நிற்பார்.

அதற்கு முன் செய்ய வேண்டியவை சில.

ஒரு பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் எழுதுங்கள். பாட்டின் பெயர், தேதி, சொல் யார், மெட்டு யார், மற்றவர் செய்தது என்ன, ஆளுக்கு எவ்வளவு பங்கு. எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் என்ன கணக்கு என்பதையும் எழுதுங்கள்.

வக்கீலிடம் போனால் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "ஐயா, நீங்கள் யாருக்கு வக்கீல்?" இரண்டாவது கேள்வி: "இந்தக் கம்பெனிக்கோ மானேஜருக்கோ நீங்கள் வேலை செய்தது உண்டா?" கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நேர்மையான வக்கீல் கோபிக்க மாட்டார். மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

"இப்போதே கையெழுத்துப் போடு, நாளைக்கு வாய்ப்புப் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் அன்று கையெழுத்துப் போடாதீர்கள். தாளை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவரை விட்டு உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். புரியாத வரியின் கீழே கோடு போட்டு வக்கீலிடம் கேளுங்கள்.

வக்கீல்களுக்கும் நாம் ஒரு வார்த்தை சொல்வோம். கட்சிக்காரர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். எதிரே உட்கார்ந்திருப்பது விவரம் தெரியாத பிள்ளை. "நான் உனக்கு வக்கீல் அல்ல, வேறு ஒருவரைப் பார்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் நீங்களே முந்திச் சொல்லுங்கள்.

"நண்பர்களுக்குள் எழுத்து எதற்கு? நட்பு கெடுமே" என்று சிலர் தயங்குவார்கள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். மேலே சொன்ன குழுக்களில் நட்பைக் கெடுத்தது எழுத்து அல்ல. எழுதாமல் விட்டதுதான்.

பங்கைப் பேசி முடித்துவிட்டுப் பாட்டைத் தொடங்குங்கள். அப்புறம் மனம் விட்டுப் பாடலாம்.